கொசுவின் வயிற்றுக்குள் அந்தப் பத்து நாள்: அப்பாவுக்கு வந்த குரங்கு மலேரியாவும் அவர் கேட்ட கேள்வியும்

செந்தூல்வாசி (செவ்வாய், இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயது. போன மாதம் பகாங் மாநிலத்தில் ரவூப் பக்கம் மாமாவின் டுரியான் தோட்டத்துக்குப் போய் நான்கு இரவு தங்கினார். பழம் விழுகிற நேரம், இரவெல்லாம் குடிலில் காவல். செந்தூலுக்குத் திரும்பி பத்துப் பதினோரு நாளில் காய்ச்சல் பிடித்தது. தினமும் ஏறக்குறைய அதே நேரத்துக்குக் குளிர், நடுக்கம், அப்புறம் வேர்த்துக் கொட்டும். முதலில் போன கிளினிக்கில் டெங்கியாக இருக்கும், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். காட்டுப் பக்கம் போனீர்களா என்று யாரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்த்துத்தான் மலேரியா என்றார்கள். பிசிஆர் என்ற மரபணுச் சோதனையில் பிளாஸ்மோடியம் நோலெசி என்று உறுதியானது. அதாவது குரங்கு மலேரியா. மருந்து கொடுத்தார்கள், இப்போது தேறிவிட்டார்.

என் கேள்வி நோயைப் பற்றி இல்லை. அங்கே இருந்த டாக்டர் ஒரு தாளில் குரங்கு, கொசு, மனிதன் என்று வட்டம் போட்டுக் காட்டி, “கொசுவுக்குள் போனதும் இந்தக் கிருமி பாம்பு சட்டை உரிப்பதுபோல் மேல்புரதங்களை எல்லாம் மாற்றிக்கொள்ளும்” என்றார். அப்பா அதையே பிடித்துக்கொண்டார். “கொசு ரத்தத்தைக் குடிப்பதே செரிக்கத்தான். ரத்தம் செரிகிறது, அதற்குள் இருக்கும் கிருமி மட்டும் எப்படிச் செரிக்காமல் கிடக்கிறது?” என்று தினமும் கேட்கிறார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் விளக்க முடியுமா?

கிள்ளான் கரை (செவ்வாய், இரவு 10.15)

அப்பா நலமாக இருக்கிறார் என்பதே முதல் நிம்மதி, தங்கச்சி. டாக்டர் டெங்கி என்று நினைத்தது எனக்கு வியப்பாக இல்லை. இன்றைய நகரத்து ஆட்களுக்கு மலேரியா என்றால் பாட்டன் காலத்துக் கதை. எங்கள் வீட்டில் அது கதையும் இல்லை. தாத்தா ரப்பர் தோட்டத்தில் ‘எண்ணெய் ஆள்’. முதுகில் தகரப் பீப்பாய், கையில் குழாய். மலையடிவார ஓடைகளில் கொசுப்புழு சாக எண்ணெய் அடிப்பது அவர் வேலை. பாட்டி கொயினா மாத்திரையின் கசப்பைப் பற்றிச் சொல்லும்போது சாகும்வரை முகம் சுளித்தார்.

1901இல் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் கிள்ளானுக்கு வந்து, சதுப்பை வடித்து, புதரை வெட்டி, நகரத்தில் மலேரியாவை அடக்கினார். அதே வேலையை மலைப்பக்கத்துத் தோட்டங்களில் செய்தபோது நோய் கூடியது. காரணம், கரையோரக் கொசு நிழலில் வளர்வது. மலையோர மாகுலாட்டஸ் கொசு வெயில் படுகிற தெளிந்த ஓடையில் வளர்வது. காட்டை வெட்டியதால் அதற்கு வசதி செய்து கொடுத்த மாதிரி ஆயிற்று. அங்கே தண்ணீரை மண்ணுக்கடியில் குழாய் போட்டு ஓட்டினார்கள், மிச்சத்துக்கு எண்ணெய். எந்தக் கொசு என்று தெரியாமல் எதையும் செய்யக் கூடாது என்ற பாடத்தை உலகத்துக்குச் சொன்ன ஊர்களில் நம் ஊரும் ஒன்று.

ஆனால் கொசுவின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பது எனக்கும் தெரியாது. நுண்ணோக்கி அக்கா வந்தால் சொல்வார்.

நுண்ணோக்கி (புதன், காலை 6.50)

வந்துவிட்டேன் தம்பி. ஓய்வு பெறும்வரை 27 ஆண்டு பூச்சியியல் ஆய்வகத்தில் கொசுவை அறுத்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. செந்தூல்வாசி, உங்கள் அப்பாவின் கேள்வி மிக நல்ல கேள்வி. அதற்கு ஒரே வரியில் பதில் இல்லை, அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்று: ரத்தத்தில் இருக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை கொசுவின் வயிற்றில் செரித்துத்தான் போகின்றன. அப்பாவுக்குக் காய்ச்சலைக் கொடுத்த, சிவப்பணுவுக்குள் பெருகும் வடிவங்கள் கொசுவுக்குச் சாப்பாடு, அவ்வளவுதான். தப்பிப்பவை கேமிட்டோசைட் என்ற ஆண், பெண் வடிவங்கள் மட்டும். அவை நம் உடம்பில் ஒரு தொல்லையும் செய்யாது. சிவப்பணுவுக்குள் பேசாமல் உட்கார்ந்து கொசு வரக் காத்திருக்கும்.

கொசு உறிஞ்சியதும் இவற்றுக்கு இரண்டு சேதி வருகிறது. ஒன்று, சூடு இறங்குகிறது. நம் உடம்பின் 37 பாகையிலிருந்து வெளிக்காற்றின் அளவுக்கு வந்துவிடுகிறது. இன்னொன்று, கொசுவின் உடம்பில் இருக்கும் சாந்தூரெனிக் அமிலம். கொசுவில் அந்தத் தூண்டுபொருள் இதுதான் என்று 1998இல் கண்டுபிடித்தார்கள். இரண்டும் சேர்ந்ததும் கிருமிக்குள் கால்சியம் பொங்கும். கால்சியத்துக்குக் காத்திருக்கும் சிடிபிகே4 என்ற புரதம் விழித்துக்கொள்ளும். அடுத்த பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆண் அணு தன் டிஎன்ஏவை மூன்று முறை இரட்டித்து எட்டு விந்தணுக்களாகச் சிதறும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வைவாக்ஸ் என்ற வகை மலேரியா வந்த நோயாளி ஒருவரின் ரத்தத்துளியைத் தகட்டில் வைத்து மூடிவிட்டு மேசையில் காத்திருந்தேன். கால் மணி நேரத்தில் ஒரு இடத்தில் சிவப்பணுக்கள் திடீரெனத் துள்ள ஆரம்பித்தன. நடுவில் உருண்டையாக ஒன்று, அதிலிருந்து சாட்டை மாதிரி நீண்ட இழைகள் படார் படாரென அடிக்கின்றன. பக்கத்திலிருந்த அணுக்களை எல்லாம் தள்ளிவிட்டு ஒவ்வொரு இழையாக அறுத்துக்கொண்டு ஓடியது. 1880இல் அல்ஜீரியாவில் லாவெரான் இதைப் பார்த்துத்தான் மலேரியாவுக்குக் காரணம் ஒரு உயிர் என்று சொன்னார். அன்றைக்கு நான் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகவில்லை.

பெண் அணுவும் இதற்குள் சிவப்பணுவை உடைத்து வெளியே வந்திருக்கும். இனிமேல்தான் ஆபத்து. குடித்த ரத்தத்தோடு நம்முடைய எதிர்ப்புச் சக்தியும், அதாவது காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டமும், கொசுவின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. அது சில மணி நேரம் அங்கேயும் வேலை செய்யும். வெறும் உடம்போடு நிற்கும் கிருமியை ஓட்டை போட்டுவிடும். அதனால் மனித மலேரியாவின் இன்னொரு வகையான ஃபால்சிபேரம் கிருமி என்ன செய்கிறது என்றால், ஜிஏபி50 என்ற தன் புரதத்தைக் கொண்டு நம் ரத்தத்திலேயே இருக்கும் ஃபேக்டர் எச் என்ற புரதத்தைப் பிடித்து மேலே போர்த்திக்கொள்கிறது. ஃபேக்டர் எச் நம் அணுக்களை நம் காம்ப்ளிமென்டிடமிருந்து காக்கும் புரதம். நம் சால்வையையே எடுத்துப் போர்த்திக்கொண்டு நம் காவலர் முன்னால் நிற்கிறது.

மீதி சாயங்காலம் எழுதுகிறேன். பேத்தியைப் பள்ளியில் விட வேண்டும்.

படிவம்ஆறு (புதன், மதியம் 2.05)

அக்கா, நான் எஸ்டிபிஎம் உயிரியல் படிக்கிறேன். ஒரு சந்தேகம். புரதம் செய்ய வேண்டுமென்றால் முதலில் ஜீனைப் படியெடுத்துத் தூது ஆர்என்ஏ செய்ய வேண்டும், அப்புறம் ரைபோசோம் அதைப் படித்து அமினோ அமிலங்களைக் கோக்க வேண்டும். கொசுவுக்குள் போன அந்த நொடியில் ஆரம்பித்தால் தாமதமாகிவிடாதா?

நுண்ணோக்கி (புதன், இரவு 8.30)

கண்ணு, நீ கேட்டதை ஆராய்ச்சியாளர்களும் கேட்டார்கள். பதில் 2006இல் எலி மலேரியாவில் கிடைத்தது. பெண் கேமிட்டோசைட் நம் ரத்தத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னேனே, அது முழு உண்மை இல்லை. கொசுவுக்குள் போனால் வேண்டியிருக்கும் புரதங்களுக்கான தூது ஆர்என்ஏக்களை அது முன்கூட்டியே எழுதி, டோசி என்ற புரதத்தால் கட்டி, பூட்டி வைத்திருக்கிறது. எழுதியாயிற்று, ஆனால் ரைபோசோம் படிக்க முடியாது. கொசுவுக்குள் போய்க் கருவுற்றபின் கட்டு அவிழும், வேலை உடனே தொடங்கிவிடும். கல்யாண வீட்டில் முதல் நாளே மாவு அரைத்து மூடி வைத்து, விடியற்காலை அடுப்பைப் பற்ற வைத்ததும் இட்லி ஊற்றுவதில்லையா, அந்த மாதிரி. டோசியை நீக்கிய கிருமியில் அந்தத் தூதுகள் எல்லாம் சிதைந்துபோயின. கரு உண்டானாலும் அதற்கு மேல் வளரவில்லை.

அப்படிக் கட்டி வைத்த தூதுகளில் முக்கியமானவை பி25, பி28 என்ற இரண்டு புரதங்களுக்கானவை. அவற்றுக்கு வருகிறேன்.

அதற்கு முன் கருவுறுதல். ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று அடையாளம் காண பி48/45, பி230 என்ற மேல்புரதங்கள் வேண்டும். ஒட்டிய பிறகு இரண்டு சவ்வும் ஒன்றாகக் கலக்க ஹேப்2 வேண்டும். இந்த ஹேப்2 எனக்கு மிகவும் பிடித்த புரதம். லில்லிப் பூவின் மகரந்தத்திலும் இதே குடும்பத்துப் புரதம்தான் விந்தையும் சினையையும் இணைக்கிறது. பூவுக்கும் மலேரியாவுக்கும் பொதுவான பாட்டன் எத்தனை கோடி ஆண்டுக்கு முன்னால் இருந்திருப்பான், யோசித்துப் பாருங்கள்.

இந்தக் கிருமியின் வாழ்க்கையில் இரட்டைக் குரோமோசோம் தொகுதி இருப்பது இந்த ஒரு கட்டத்தில் மட்டும்தான். நம் உடம்பில் எந்த வடிவத்திலும் ஒற்றைத் தொகுதியே. இரண்டு ரகக் கிருமிகளின் ஜீன்கள் ஒன்றோடொன்று கலப்பதும் கொசுவின் வயிற்றில்தான், மருந்துக்கு அடங்காத ஜீன்கள் உட்பட. மலேரியாக் கிருமிக்கு நாம் இடைத்தங்கல். கல்யாணம் நடக்கும் வீடு கொசு.

சரி, அப்பாவின் கேள்விக்கு வருவோம். கொசு ரத்தம் குடித்த சில மணி நேரத்தில் அந்த ரத்த உருண்டையைச் சுற்றிக் கைட்டின் என்ற கெட்டிப்பொருள் கலந்த ஒரு சவ்வைச் சுரந்து பை மாதிரி கட்டிவிடும். செரிமான நொதிகள் மெல்ல ஏறி, ஏறக்குறைய ஒரு நாளில் உச்சத்துக்குப் போகும். ஆக, கிருமிக்கு இருப்பது ஒரு நாள் கெடு. அந்த ஒரு நாளில் கரு நீண்டு, புழு மாதிரி ஊரும் ஊகைனீட் ஆக மாறுகிறது. அதன் உடம்பு முழுவதும் பி25, பி28. வைவாக்ஸின் பி25 புரதத்தின் உருவத்தை 2006இல் படம் பிடித்தார்கள்: தட்டையான முக்கோணம். கிருமியின் மேல் பக்கத்தில் பக்கமாக அடுக்கினால், நம் பழைய கடைவீடுகளின் கூரை ஓடு வேய்ந்த மாதிரி இருக்கும். இரண்டு புரதத்தையும் நீக்கிய எலி மலேரியாக் கிருமி கொசுவில் மிகச் சொற்பமாகத்தான் பிழைத்தது.

பையைத் துளைக்கக் கைட்டினேஸ் என்ற நொதியை ஊகைனீட் தானே சுரக்கிறது. கோழி மலேரியாக் கிருமியில் இதில் ஒரு அதிசயம் இருக்கிறது. அதன் கைட்டினேஸ் உறங்கும் நிலையில் வெளிவரும். அதை எழுப்புவது கொசுவின் செரிமான நொதியான டிரிப்சின். கிருமியைச் செரிக்க வேண்டிய நொதியே அதற்குக் கதவைத் திறந்துவிடுகிறது. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

அப்புறம் குடல் சுவரின் அணுக்களுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேற சிடிஆர்பி, செல்டாஸ் போன்ற புரதங்கள். மறுபக்கத்தில் கொசுவின் ரத்தம். அங்கே டெப்1 என்ற கொசுவின் காவல் புரதம் நிற்கிறது. ஒட்டினால் கிருமி சாகும். ஃபால்சிபேரத்தின் பி47 என்ற புரதம் பொருந்தினால் கொசுவின் காவல் அதைப் பார்க்காமல் விட்டுவிடும். ஆப்பிரிக்கக் கிருமியின் பி47 ஆப்பிரிக்கக் கொசுவுக்குப் பொருந்தும், ஆசியக் கிருமியினுடையது ஆசியக் கொசுவுக்கு. எல்லாக் கொசுவும் எல்லா மலேரியாவையும் சுமக்க முடியாததற்கு இது ஒரு காரணம்.

ஆயிரக்கணக்கில் கேமிட்டோசைட் உள்ளே போனாலும் இத்தனையும் தாண்டிக் குடலின் வெளிப்புறத்தில் போய் உட்காருபவை ஒரு கை விரலுக்குள் அடங்கும். காட்டில் பிடித்த கொசுவில் ஒன்றோ இரண்டோதான் பார்ப்போம்.

செந்தூல்வாசி (புதன், இரவு 9.55)

அக்கா, அப்பாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். டிரிப்சின் பற்றிக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

மாத்திரைக்கடை (புதன், இரவு 11.20)

பிரிக்பீல்ட்ஸில் மருந்தாளராக இருக்கிறேன். அக்கா சொன்ன அந்த ஒரு கை எண்ணிக்கை முக்கியமான இடம். மனித உடம்பில் கிருமி கோடிக்கணக்கில். கொசுவின் குடலில் மட்டும் நான்கைந்து. கிருமியை அடிப்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

அதனால்தான் பரவலைத் தடுக்கும் தடுப்பூசி என்று ஒரு வழியில் நெடுங்காலமாக வேலை நடக்கிறது. மனிதனுக்கு பி25 புரதத்தை ஊசியாகப் போடுவார்கள். அவன் ரத்தத்தில் பி25க்கு எதிர்ப்பொருள் உண்டாகும். கொசு கடிக்கும்போது அதுவும் சேர்ந்து உள்ளே போகும். அங்கே ஊகைனீட் மேல் ஒட்டி அதை நிறுத்தும். ஊசி போட்டுக்கொண்டவனுக்கு நேரடிப் பலன் இல்லை, அவன் தெருவில் இருப்பவர்களுக்குத்தான் பலன்.

இதில் சிக்கல்: பி25 நம் உடம்பில் இருக்கும் வடிவங்களில் தோன்றுவதே இல்லை. நம் எதிர்ப்புச் சக்தி அதைப் பார்த்ததே இல்லை என்பதால் அது பெரிதாக மாறவும் இல்லை, ஒரே ஊசி எல்லா ஊருக்கும் பொருந்தும். ஆனால் அதே காரணத்தால் மலேரியா மறுபடி வந்தாலும் எதிர்ப்பொருள் புதுப்பிக்கப்படாது, குறைந்துகொண்டே போகும். பி230, பி48/45 இரண்டும் கேமிட்டோசைட்டிலேயே இருப்பதால் அந்தக் குறை இல்லை. இப்போது பி230 மேல் நம்பிக்கை கூடியிருப்பதற்கு இதுவும் காரணம்.

இன்று கையில் இருப்பது பிரிமாகுயின். ஃபால்சிபேரத்துக்கு ஆர்டிமிசினின் கூட்டு மருந்தோடு ஒரே ஒரு வேளை, உடல் எடையில் கிலோவுக்கு 0.25 மில்லிகிராம். நோயாளி ஏற்கெனவே குணமாகி வருகிறார், இந்த ஒரு மாத்திரை கொசுவுக்குப் போகும் கேமிட்டோசைட்டைக் கொல்வதற்காக.

கிள்ளான் கரை (வியாழன், காலை 7.30)

மருந்தாளர் அண்ணே, மதித்துத்தான் சொல்கிறேன், இதில் எனக்கு ஒரு மறுப்பு. நீங்கள் சொல்வது ஆப்பிரிக்காவுக்குப் பொருந்தும். நம் மலேசியாவில் உள்ளூரில் தொற்றும் மனித மலேரியா 2018 முதல் இல்லை. இருப்பது நோலெசி. அதன் கேமிட்டோசைட்டைச் சுமப்பது காட்டில் இருக்கும் நீள்வால் குரங்கும் பன்றிவால் குரங்கும். குரங்குக்கு யார் போய் பி25 ஊசி போடுவது? பிரிமாகுயின் கொடுப்பது? செந்தூல்வாசியின் அப்பா மாதிரிக் குடிலில் தூங்குபவருக்கு இந்தப் புரத ஆராய்ச்சியால் என்ன கிடைக்கும் என்று தெரிய வேண்டும். கொசுவலையும் எண்ணெயும் கொடுத்ததைவிட அதிகமாக இது என்ன கொடுக்கும்?

பத்துமலைப் படிக்கட்டு (வியாழன், காலை 8.10)

நான் பத்துமலை அடிவாரத்தில் இருக்கிறேன். கோயில் படிக்கட்டு முழுவதும் நீள்வால் குரங்குதான். எங்களுக்கும் இது வருமா? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகப் பயமாக இருக்கிறது.

நுண்ணோக்கி (வியாழன், இரவு 9.00)

படிக்கட்டுக்கு முதலில். அம்மா, குரங்கு பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது. நோலெசியைச் சுமப்பது லியூகோஸ்பைரஸ் கூட்டத்தைச் சேர்ந்த காட்டுக் கொசுக்கள். பகாங்கில் கிராசென்ஸ், சரவாக்கின் காப்பிட்டில் லாட்டென்ஸ், சபாவில் பாலபாசென்சிஸ். காட்டு நிழலிலும் காட்டோரத் தோட்டத்திலும் அந்தி சாய்ந்த பிறகு வெட்டவெளியில் கடிப்பவை. காலையில் சாமி கும்பிடப் போய் வருவதற்குப் பயப்பட வேண்டாம். குரங்கு பிடுங்காமல் பையைப் பார்த்துக்கொண்டால் போதும்.

கிள்ளான் தம்பி, நீ கேட்டது நியாயம். குரங்குக்கு ஊசி போட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். வலைக்கும் இதில் வரம்பு இருக்கிறது. வீட்டுக்குள் கடிக்கும் கொசுவுக்குத்தான் வலையும் சுவரில் அடிக்கும் மருந்தும். டுரியான் பொறுக்க டார்ச்சோடு நடப்பவனுக்கு வலை எங்கே? எண்ணெயும் அப்படித்தான். சிலாங்கூர் கடலோரத்தில் ஹேக்கெரி என்ற கொசு நோலெசியைச் சுமப்பதை 1961இல் கண்டுபிடித்தார்கள். அது நிப்பா பனையின் மட்டை இடுக்கில் தேங்கிய தண்ணீரில் வளர்வது. எத்தனை மட்டைக்கு உன் தாத்தா எண்ணெய் அடிப்பார்?

புரதம் எங்கே உதவுகிறது என்பதற்கு என் வேலையையே சொல்கிறேன். காட்டோரத்தில் பிடித்து வந்த கொசுவை மயக்கி, காலையும் இறகையும் எடுத்துவிட்டு, ஒரு சொட்டு உப்புநீரில் படுக்க வைப்போம். இரண்டு கையிலும் ஊசி. இடது ஊசி மார்பை அழுத்தும், வலது ஊசி வால் பக்கத்துக் கடைசி வளையத்தைப் பிடித்து இழுக்கும். அவசரப்பட்டால் அறுந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் குடல் முழுசாக, வெளிர் நிறத்தில் சின்னப் பை மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். அதன்மேல் மெர்குரோகுரோம் ஒரு சொட்டு. சின்ன வயதில் முழங்காலில் தடவுவார்களே, அந்தச் சிவப்பு மருந்துதான். அந்தச் சிவப்பில் ஊசிஸ்ட், அதாவது குடலின் வெளிப்புறத்தில் போய் உட்கார்ந்த கிருமி, உருண்டையாகத் தெளிந்து நிற்கும். இளசாக இருந்தால் உள்ளே கறுப்புப் பொடி தெரியும். அது கிருமி சிவப்பணுவுக்குள் இருந்தபோது தின்ற ஹீமோகுளோபினின் மிச்சம். 1897 ஆகஸ்ட் 20ஆம் தேதி செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் குடலில் பார்த்து அடையாளம் கண்டது அந்தக் கறுப்புப் பொடியைத்தான். நம் ரத்தத்திலிருந்து போன பொடி கொசுவின் குடலில் இருக்கிறது என்றால் மலேரியா இதற்குள்தான் வளர்கிறது.

ஊசிஸ்டுக்குள் ஸ்போரோசோயிட்டுகள், அதாவது கொசு கடிக்கும்போது நமக்குள் வரும் வடிவங்கள், ஆயிரக்கணக்கில் உருவாகும். அவற்றின் மேல் முழுக்க சிஎஸ்பி என்ற ஒரே புரதம் போர்த்தியிருக்கும். அந்தப் புரதம் இல்லாவிட்டால் ஸ்போரோசோயிட் உருவாகவே செய்யாது என்று 1997இல் காட்டினார்கள். பிறகு அவை ஊசிஸ்டை உடைத்துக்கொண்டு, கொசுவின் ரத்தத்தில் மிதந்து, உமிழ்நீர்ச் சுரப்பியைத் தேடிப் போய்ப் புகும். அதற்கு டிராப் என்ற இன்னொரு புரதம் வேண்டும்.

தலையை மெல்ல இழுத்தால் சுரப்பியும் கூடவே வரும், பக்கத்துக்கு மூன்று மடல். கண்ணாடியால் அழுத்தினால் ஸ்போரோசோயிட்டுகள் கொட்டும். அரிவாள் மாதிரி வளைந்த மெல்லிய நூல்கள். தகட்டில் அவை வட்டம் வட்டமாகச் சுற்றும், காலும் இல்லை வாலும் இல்லை. டிராப் புரதம் முன்னால் தரையைப் பிடித்து, உள்ளே இருக்கும் தசைப்புரதம் அதைப் பின்னுக்கு இழுக்க, உடம்பு முன்னே வழுக்குகிறது. போன இடமெல்லாம் சிஎஸ்பியை விட்டுக்கொண்டே போகும். சிஎஸ்பிக்கு ஒட்டும் ஒளிரும் சாயம் போட்டால் நத்தை ஊர்ந்த தடம் மாதிரி வட்டங்கள் ஒளிரும்.

இதே சிஎஸ்பியை வைத்துத்தான் கொசுவை அறுக்காமலே, நசுக்கிக் கரைசலாக்கி, எதிர்ப்பொருளை வைத்துப் புரதத்தைக் கண்டுபிடிக்கும் எலைசா சோதனை செய்து, எந்த மலேரியா உள்ளே இருக்கிறது என்று சொல்ல முடிந்தது. ஃபால்சிபேரத்தின் சிஎஸ்பி வேறு, வைவாக்ஸினுடையது வேறு. தம்பி, எந்தக் கொசு, எந்தக் கிருமி என்று தெரியாமல் எதையும் செய்யக் கூடாது என்று நீதானே எழுதினாய். அதற்குப் பதில் சொல்வது இந்தப் புரதம்.

இன்னொன்று. மலேரியா ஸ்போரோசோயிட்டின் சிஎஸ்பி ஜீனை முதன்முதலில் பிரித்தெடுத்துப் படித்தது 1983இல். அது எந்தக் கிருமியிலிருந்து என்று நினைக்கிறாய்? நோலெசி. இயற்கையாக நோலெசி தொற்றிய முதல் மனிதர் 1965இல் தெரியவந்தார், பகாங் காட்டில் வேலை செய்து திரும்பிய அமெரிக்க நில அளவையாளர். அவரிடமிருந்து எடுத்த கிருமி வம்சத்துக்கு ‘எச்’ ரகம் என்று பெயர். 2008இல் நோலெசியின் முழு மரபுத்தொகுதியைப் படித்தபோது பயன்படுத்தியது அந்த ரகத்தைத்தான். பகாங்கில் ஒரு கொசு கடித்ததன் தொடர்ச்சி அது.

மாத்திரைக்கடை (வியாழன், இரவு 10.10)

சிஎஸ்பி பற்றி அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஃபால்சிபேரத்தின் சிஎஸ்பி நடுவில் அஸ்பராஜின், அலனின், அஸ்பராஜின், புரோலின் என்ற நான்கு அமினோ அமிலங்கள் ஏறக்குறைய நாற்பது முறை திரும்பத் திரும்ப வரும். அந்தத் துண்டைத்தான் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் புரதத்தோடு ஒட்டி ஆர்டிஎஸ்எஸ் தடுப்பூசி செய்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் அதைப் பரிந்துரைத்தது, 2023 அக்டோபரில் ஆர்21ஐ. ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு இன்று போடும் இரண்டு ஊசியிலும் இருப்பது கொசுவின் ஊசிஸ்டுக்குள் உருவாகும் புரதம்.

கிள்ளான் தம்பி சொன்னதில் ஒரு பாதியை ஏற்கிறேன். இந்த ஊசி ஃபால்சிபேரத்துக்கு மட்டும். நோலெசிக்குத் தடுப்பூசி இல்லை. காட்டோரம் போகிறவர் நீளக் கை சட்டை, கொசு விரட்டும் தைலம், காய்ச்சல் வந்தால் ‘நான் காட்டுக்குப் போனேன்’ என்று முதல் வார்த்தையாகச் சொல்வது, இவற்றை நம்பித்தான் இருக்க வேண்டும்.

கிள்ளான் கரை (வியாழன், இரவு 10.45)

1983 விவரம் எனக்குத் தெரியாது. நன்றி அக்கா. தாத்தா இருந்திருந்தால் நிப்பா மட்டைக் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருப்பார், எனக்கு இல்லை. ஆனால் அந்த 61 வயது மனிதர் மறுபடி டுரியானுக்குப் போவார் என்று நினைக்கிறேன். அவரிடம் அந்தத் தைலத்தை வாங்கிக் கொடுங்கள் தங்கச்சி.

படிவம்ஆறு (வெள்ளி, மாலை 4.20)

அக்கா, இத்தனை புரதத்தையும் எது எப்போது செய்ய வேண்டும் என்று கிருமிக்கு யார் சொல்வது?

நுண்ணோக்கி (வெள்ளி, மாலை 6.00)

ஏபி2 என்ற ஒரு குடும்பம், கண்ணு. ஜீன்களைத் திறந்து மூடும் புரதங்கள். சாதாரணமாகப் பெருகுவதை விட்டுக் கேமிட்டோசைட்டாக மாறத் தூண்டுவது ஏபி2-ஜி, ஊகைனீட்டின் ஜீன்களைத் திறப்பது ஏபி2-ஓ, ஸ்போரோசோயிட்டுக்கு ஏபி2-எஸ்பி. செடிகளில் பூப்பதையும் வேர்விடுவதையும் நடத்தும் புரதக் குடும்பத்துக்கு இவை தூரத்துச் சொந்தம். லில்லியும் மலேரியாவும் மறுபடி சந்திக்கின்றன பார். உன் பாடப்புத்தகத்தில் இல்லாவிட்டாலும் ஆசிரியரிடம் கேள்.

செந்தூல்வாசி (சனி, காலை 10.30)

நேற்று மறுபரிசோதனை. ரத்தத்தில் கிருமி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நோலெசி கல்லீரலில் ஒளிந்திருந்து திரும்ப வரும் வகை இல்லை என்பதையும் டாக்டர் உறுதியாகச் சொன்னார். அப்பா அங்கேயே டாக்டரிடம் டிரிப்சின் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவரும் நின்று கேட்டார்.

வரும் வழியில் காரில் அப்பா ஒன்று கேட்டார். “என்னைக் கடித்தபோது அந்தக் கொசுவுக்கு என்ன வயது இருக்கும்?” அக்கா, சொல்ல முடியுமா?

நுண்ணோக்கி (சனி, மதியம் 12.15)

சொல்லலாம். கணக்குப் போடுவோம். கூட்டுப்புழுவிலிருந்து வெளியே வந்து முதல் ரத்தம் தேட இரண்டு மூன்று நாள். அது குரங்கின் ரத்தம், கேமிட்டோசைட் இருக்கும் குரங்காக வாய்த்திருக்க வேண்டும். பிறகு ஊகைனீட்டுக்கு ஒரு நாள், ஊசிஸ்ட் பழுத்து, ஸ்போரோசோயிட் சுரப்பிக்குப் போய்ச் சேர ஏறக்குறைய பத்து நாள். ஆக, அப்பாவைக் கடித்தது குறைந்தது இரண்டு வாரத்துக் கிழவி. காட்டில் பெரும்பாலான கொசுக்கள் அந்த வயதைப் பார்ப்பதில்லை. சிலந்தி, தட்டான், மழை, எதிலாவது முடிந்துவிடும்.

ஒவ்வொரு முறை ரத்தம் குடித்தும் அது இரண்டு மூன்று நாளில் முட்டையிடும். அப்படியானால் உங்கள் அப்பாவிடம் வருவதற்கு முன் மூன்று முறையாவது எங்கோ காட்டுக் குட்டையில் முட்டையிட்டிருக்கும். அதையும் நாங்கள் அறுத்துப் பார்த்துச் சொல்வதுண்டு. ஒருமுறைகூட முட்டையிடாத கொசுவின் சினைப்பையைத் தண்ணீர்ச் சொட்டில் வைத்துக் காயவிட்டுப் பார்த்தால், அதன்மேல் ஓடும் மூச்சுக்குழாய்களின் நுனி நூல்கண்டு மாதிரிச் சுருண்டு சுருண்டு இருக்கும். முட்டையிட்டதும் பை விரிய, அந்தச் சுருள் பிரிந்துவிடும், திரும்பச் சுருளாது. உங்கள் அப்பாவைக் கடித்த கொசு என் மேசைக்கு வந்திருந்தால், அதில் ஒரு சுருள்கூட மிஞ்சியிருக்காது.